மாமனாருக்கு இல்லாத சர்க்கரை

விஷ்ணுப்ரியாவுக்குத் ‘தெரியாது’ என்று சொல்லவே வராது. தம்பானூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே யார் வந்து எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். எந்த ஆபீசுக்கு எந்தக் காகிதம், எந்த பஸ் எந்த வழியாகப் போகும், எந்தக் குழந்தைக்கு எப்போது எந்த ஊசி, எல்லாம் நுனிநாக்கில். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து ஏழு வருஷம் ஆகிறது. புருஷன் ஸ்ரீநிவாஸின் ஆதார் நம்பரைக்கூட அவள்தான் மனப்பாடமாக ஒப்பிப்பாள். “ஸ்டேஷன்ல இருக்கற என்கொயரி கவுண்டரைத் தூக்கிண்டு வந்து எங்காத்துல வெச்சுட்டா” என்று மாமனார் பிச்சுமணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமையோடுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காஷுவாலிட்டி கட்டில் பக்கத்தில் நின்றாள்.

பிச்சுமணிக்கு அறுபத்தொன்பது வயது. ஆரியசாலையில் ஒரு வெல்ல மண்டியில் இளைஞனாகச் சேர்ந்து, தலை முழுக்க நரைக்கிறவரை கணக்கு எழுதியவர். கோவிலிலிருந்து திரும்பி வந்தவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. நெஞ்சில் கை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீநிவாஸ் பணம் கட்டும் இடத்துக்கும் இன்சூரன்ஸ் டெஸ்குக்கும் ஓடிக்கொண்டிருந்தான். கட்டில் பக்கத்தில் நின்றது அவள் ஒருத்திதான்.

சின்ன வயது டாக்டர் ஒருத்தி எழுதிக்கொண்டே கேட்டாள். “பிபி உண்டோ?”

“இல்லை.”

“ஷுகர்?”

“உண்டு டாக்டர். எட்டு வருஷமா.”

கண் இமைக்கக்கூட இல்லை. அப்படி ஒரு பதில்!

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவளுடைய கல்யாணச் சாப்பாட்டிலேயே, இலையில் போளியை வைத்துப் பால் பாயசத்தை ஊற்ற வந்தவனிடம் பிச்சுமணி கையை இலைக்கு மேலே குறுக்கே வைத்து, “வேண்டாம்ப்பா, எனக்கு டயபடீஸ்” என்று சொன்னதை மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அவள் காதால் கேட்டாள். அப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை உத்ஸவச் சாப்பாடு! எல்லா இடத்திலும் அதே கை, அதே வார்த்தை. ஜெயலக்ஷ்மி போனதிலிருந்து அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெருவே சொன்னது. ஜெயலக்ஷ்மி என்பது அவள் பார்த்தேயிராத மாமியார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் காலமானவள். போதாததற்குப் பிச்சுமணி தினமும் காலையில் ஒரு சின்ன டம்ளரில் வைத்தியசாலை அரிஷ்டம் குடிப்பார். ஜீரணத்துக்காகக் குடிக்கிற அந்த அரிஷ்டத்தைச் சர்க்கரைக்குத்தான் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். வந்த முதல் நாளிலிருந்து அவருக்குச் சர்க்கரை போடாத காபிதான். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

ஆக, எட்டு வருஷம். டாக்டர் எழுதிக்கொண்டாள். ‘இந்த மாதிரி நேரத்தில் பதறாமல் பதில் சொல்ல வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்’ என்று விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு திருப்திகூட வந்தது. பிற்பாடு அவளைப் போட்டு வறுத்து எடுத்தது அந்தத் திருப்திதான்.

இருதயத்தில் இரண்டு அடைப்பு. பெரியதை அன்றைக்கே ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். மற்றதை உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு செய்யலாம், அதுவரை மாத்திரையில் ஓட்டலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ளக் கூடாது என்றார் பெரிய டாக்டர். டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்சூரன்ஸ் டெஸ்கில் கையை விரித்துவிட்டார்கள். சேமித்து வைத்திருந்ததையெல்லாம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே கம்பெனியின் கடிதம் வந்தது. எட்டு வருஷமாக இருக்கிற சர்க்கரை வியாதியை, மூன்று வருஷத்துக்கு முன்பு பாலிசி எடுக்கும்போது மறைத்திருக்கிறீர்கள். அதனால் பணம் தர முடியாது. பாலிசியும் ரத்து.

அந்தக் கடைசி வரியைத்தான் விஷ்ணுப்ரியா திரும்பத் திரும்பப் படித்தாள். அறுபத்தொன்பது வயதில், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஒரு மனுஷருக்கு இனி எந்தக் கம்பெனி புதிதாகப் பாலிசி தரும்? இந்தப் பாலிசி உயிர்பிழைத்தால்தான் அந்த இரண்டாவது அடைப்புக்கு வழி.

அடுக்களையில் ஸ்ரீநிவாஸைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்னா இப்படிப் பண்ணினேள்? ஷுகர் இருக்குன்னு ஒரு டிக் போட்டா கொறைஞ்சா போயிடுவேள்? கொஞ்சம் பிரீமியம் ஜாஸ்தி ஆயிருக்கும், அவ்வளவுதானே!”

“யாருக்குடி ஷுகர்?”

“யாருக்கா? உங்கப்பாவுக்குத்தான்.”

ஸ்ரீநிவாஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “அப்பாவுக்கு ஷுகரே கிடையாதேடீ. ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணுதான் எதையோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கா. நாளைக்கே போய்க் கத்தப்போறேன் பாரு.”

“அப்போ பாயசம்?”

“காசிக்குப் போனப்போ அப்பா ஸ்வீட்டை விட்டுட்டு வந்தார். அதான் தொடறதில்லை. கேக்கறவாகிட்ட ஷுகர்னு சொல்லிடுவார். உனக்குத் தெரியாதா?”

“எனக்கு யார் சொன்னா?”

“நீ எப்போ கேட்டே?”

காசிக்கும் கயாவுக்கும் போய்ப் பித்ரு காரியம் பண்ணுகிறவர்கள் அங்கே பிடித்த பண்டம் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டிலும் உண்டுதான். அவளுடைய சித்தப்பா பாகற்காயை விட்டுவிட்டு வந்து, ‘அதான் எனக்கு உசிரு’ என்று கூசாமல் சொன்னவர். ஆனால் இந்த வீட்டில் அப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறாள். ‘அப்பா, உங்களுக்கு எப்பலேர்ந்து ஷுகர், என்ன மாத்திரை சாப்பிடறேள்’ என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

“அந்த டாக்டரைப் போய்க் கத்தாதீங்கோ” என்றாள். “சொன்னது நான்தான்.”

ஸ்ரீநிவாஸ் வாயைத் திறப்பதற்குள் பிச்சுமணியே சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார். “அவளை ஏன்டா முறைக்கறே? ஊர் பூரா டயபடீஸ்னு தண்டோரா போட்டவன் நான். அவ நம்பினா. நம்பினது தப்பா?”

“ஏழு வருஷமா சர்க்கரை இல்லாத காபியை வாயை மூடிண்டு குடிச்சேளே அப்பா! ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“சர்க்கரையும் இனிப்புதானேம்மா. விட்டது விட்டதுதான். நீ சரியாத்தான் கலந்தே.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் இப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஆபீசில் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள் ரெம்யா. பக்கத்து மேஜைக்காரி. பாறசாலைப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். விஷயத்தையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“எக்கா, டாக்டர் கேட்டா தெரியாதுன்னு சொல்லப்பிடாதா? என்னத்துக்குப் பரீட்சையில கேட்ட மாதிரி டக்குன்னு பதில் சொன்னிய?”

“அதைத்தான் நானும் கேட்டுண்டு இருக்கேன்.”

“சரி, அழாதிய. எங்க சித்திக்கும் இப்பிடி ஒரு சங்கதி நடந்தது, கேட்டோ. மொதல்ல கம்பெனியில புகார் கேக்க கிரீவன்ஸ் ஆபீசர்னு ஒருத்தர் உண்டு. அவருக்கு எழுதணும். ஒரு மாசம் பாக்கணும். அவர் கேக்கலைன்னா, கம்பெனி மேல உள்ள புகாரை விசாரிக்கிற அதிகாரி உண்டு, இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். வக்கீலும் வேண்டாம், பீசும் வேண்டாம். நாமளே பேசலாம்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “ஆனா எக்கா, அங்க போயும் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிராதிய.”

அந்த நிலைமையிலும் விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரியத்தில் இறங்கினாள். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே சாட்சி இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை அது. அதில் பிச்சுமணியின் சர்க்கரை ஒரு இளைஞனுடையதைப்போல ஒழுங்காக இருந்தது. ‘சர்க்கரைக்கு எந்த மருந்தும் தரவில்லை, அந்தக் குறிப்பு கூட வந்தவர் சொன்னதை வைத்து எழுதியது’ என்று பெரிய டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கினாள். ‘கூட வந்தவர்’ என்ற இடத்தைப் படிக்கிறபோது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. “அப்பா, தெருவுல எல்லாரும் இன்னும் உங்களுக்கு ஷுகர்னுதான் நினைச்சிண்டிருக்கா. காசி விஷயத்தைச் சொல்லிடுங்கோளேன்.”

பிச்சுமணியின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. “அதை மட்டும் கேக்காதேம்மா. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே.”

ஏன் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தான் ஏற்கெனவே பண்ணிவைத்த கூத்து போதாதா?

விசாரிக்க வந்தவன் பெயர் சுபின். கம்பெனி அனுப்பிய ஆள். கையில் ஹெல்மெட், முதுகில் பை, மரியாதையான பையன். வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தான். அலமாரியில் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தான். அரிஷ்ட பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தான். பிச்சுமணியிடம் இனிப்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டபோது, “காசியில விட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். “ஓகே சேச்சி, அடுத்த வீட்டுலயும் ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்” என்று சுபின் தெருவில் இறங்கியதும் விஷ்ணுப்ரியா பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டு வாசலில் வெங்கடசுப்ரமணியன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிச்சுமணியோடு தினமும் கோவிலுக்குப் போகிறவர். சிநேகிதருக்காக எதையும் செய்வார்.

“மாமா, ஒரு சின்ன விஷயம். பிச்சுமணி சாருக்கு ஷுகர் உண்டோ?”

“ஷுகரா?” வெங்கடசுப்ரமணியன் பேப்பரை மடித்து வைத்தார். இன்சூரன்ஸ் ஆள் வந்திருக்கிறான், சிநேகிதருக்கு நல்ல சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே உற்சாகம். “டேய் மோனே, அவரைப் போலக் கட்டுப்பாடா ஷுகரை வெச்சிருக்கற ஒருத்தனை இந்த ஊர்ல காட்டு பாப்போம். எட்டு வருஷமா ஒரு கரண்டி பாயசம் நாக்குல பட்டதில்லை. கோவில்ல உத்ஸவம், பக்கத்துல உக்காந்து நான் மூணு தடவை வாங்கிக்கறேன். அவர் கையை இப்படி வெச்சுண்டு டயபடீஸ்ம்பார். எனக்கே வெக்கமா இருக்கும்.”

விஷ்ணுப்ரியா தங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ‘வேண்டாம் வேண்டாம்’ என்று கையை ஆட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். இன்னும் சொல்லு என்கிறாள்போல என்று எடுத்துக்கொண்டார்.

“அதோ நிக்கறாளே மாட்டுப்பொண்ணு, அவளைக் கேளு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் காபில சர்க்கரை போட்டதில்லை. பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்க மாட்டா!”

சுபின் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.

அவன் வண்டி தெருமுனை தாண்டியதும் வெங்கடசுப்ரமணியன் குரல் கொடுத்தார். “என்னடீம்மா, நன்னாச் சொன்னேனா?”

“நன்னாச் சொன்னேள் மாமா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கம்பெனியின் இரண்டாவது பதிலும் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் இனிப்பை அறவே விட்டுச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே இருந்தால் பரிசோதனை ஒழுங்காகத்தான் காட்டும். இவர் எட்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆகவே முடிவில் மாற்றம் இல்லை.

படிக்கப் படிக்க அவளுக்கு அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. காஷுவாலிட்டியில் அவள் சொன்ன பதில், தெருவில் மாமா சொன்ன பதில், அவள் கலந்த காபி. எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. இல்லாத வியாதியை இத்தனை அழகாக நிரூபிக்க அவளால்தான் முடியும்.

ஓம்பட்ஸ்மேனுக்கு மனு போட்டார்கள். விசாரணைத் தேதிக்குக் காத்திருந்த நாட்கள் இருக்கிறதே, அது பெரிய தண்டனை. பிச்சுமணி கோவிலுக்குப் பாதி வழி போய் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வர ஆரம்பித்தார். “வெயில் ஜாஸ்தி” என்பார். மழைக்காலத்தில் எங்கே வெயில்? அவர் நெஞ்சைத் தடவிக்கொள்கிறாரா என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் ஆபீசுக்கு வந்த ஒரு பெரியவர் பொன்முடிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது, “தெரியாது சார். ஸ்டாண்டுல கேட்டுக்கோங்கோ.” ரெம்யா நிமிர்ந்து பார்த்தாள். தன் டிபன் பாக்சிலிருந்து ஒரு துண்டு கிழங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

விசாரணை ஆன்லைனில். சாப்பாட்டு மேஜையில் இரண்டு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தார்கள். பாலிசி எடுத்தவன் ஸ்ரீநிவாஸ், நடுவில். ஒரு பக்கம் பிச்சுமணி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். இன்னொரு பக்கம் விஷ்ணுப்ரியா. திரையில் விசாரிக்கிற அதிகாரியும், கம்பெனிக்காகப் பேச வந்த ஒரு பெண்ணும். அதிகாரி மலையாளத்தில்தான் பேசினார். நிதானமான ஆள்.

முதல் கேள்வியே அவளுக்கு. “எட்டு வருஷம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது நீங்கள்தானே?”

“ஆமா சார்.”

“அவருடைய மருந்துச் சீட்டு பார்த்தது உண்டா? மாத்திரை வாங்கிக் கொடுத்தது உண்டா?”

“இல்லை சார்.”

“பின்னே எட்டு வருஷம் என்ற கணக்கு எப்படி வந்தது?”

“மாமியார் போய் எட்டு வருஷம். அதைத்தான் சொல்லியிருக்கேன் சார். வியாதியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டதும் இல்லை. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லி முடித்தபோது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கம்பெனிப் பெண் பேச ஆரம்பித்தாள். கெட்டிக்காரி.

“சார், இவர் மருமகளிடம் மட்டும் சொல்லவில்லை. ஊர் முழுக்க எட்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறார். இல்லாத வியாதியை யாராவது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிவார்களா? காசியில் விட்டேன் என்பது கௌரவமான விஷயம். அதை யாரும் மறைக்க மாட்டார்கள், பெருமையாகத்தான் சொல்வார்கள். பணம் மறுத்த பிறகுதானே இந்தக் காசிக் கதையே வருகிறது?”

அதிகாரி தலையசைத்தார். பிச்சுமணியைப் பார்த்தார். “அது நியாயமான கேள்விதான். உண்மையான காரணம் இருக்கும்போது ஏன் வியாதி என்று சொன்னீர்கள்?”

பிச்சுமணி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷ்ணுப்ரியாவுக்கு வாய் பரபரத்தது. அவர் கூச்சப்படுகிறவர் சார், பெருமை பேசப் பிடிக்காது சார், வயசாச்சு சார் என்று வரிசையாக மூன்று நாலு பதில்கள் வந்து நின்றன. எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சார்” என்றார் பிச்சுமணி. “காசில விட்டேன்னு சொன்னா, எதைன்னு கேப்பா. ஸ்வீட்டைன்னு சொன்னா, ஏன்யா, எல்லாரும் பாகற்காயையும் புடலங்காயையும் விட்டுட்டு வராளே, நீர் ஏன் அதைப் போய் விட்டீர்னு கேப்பா. அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. டயபடீஸ்னு சொல்லிட்டா மேல ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“ஷுகர் இருந்தது என் ஆத்துக்காரிக்கு. இனிப்பே தொடப்படாதுன்னு டாக்டர் சொன்னார். நான் மண்டிலேர்ந்து வரச்சே ரெண்டு போளி வாங்கிண்டு வருவேன். தினமும் இல்லை. தினமும் இல்லைன்னு சொல்றேனே, பாதி நாள் வாங்கிண்டு வருவேன் சார். அவளுக்கு அப்படிப் பிடிக்கும். பொட்டலத்தைப் பார்த்தா அந்த முகம்…” அவர் நிறுத்திக்கொண்டார். “அதைப் பாக்கறதுக்காக வாங்கிண்டு வந்தேன். கால்ல புண்ணு வந்தது. அப்புறம் கிட்னி. கயாவுல எதை விடறேள்னு அந்த வாத்தியார் கேட்டார். வேற எதை விடறது நான்? டயபடீஸ்னு முதல் தடவை சொன்னப்போ பாயசத்தைத் தடுக்கத்தான் சொன்னேன். அப்புறம் அப்புறம், அவ வியாதியை நான் வாங்கிண்டாப்போல ஒரு இது. சொல்லிண்டே இருந்துட்டேன். இவனுக்குக்கூடத் தெரியாது.”

ஸ்ரீநிவாஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். திரையில் நடுவில் ஒரு வெற்று நாற்காலி.

கம்பெனிப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளிடம் கேட்டார். “மருந்துச் சீட்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? மாத்திரை பில்? பழைய டெஸ்ட்?”

“இல்லை சார்.”

“நோய் இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். வாய்வார்த்தை மட்டும் போதாது. உத்தரவு அனுப்புகிறேன்.”

லேப்டாப்பை மூடியபோது பிச்சுமணியின் வெள்ளைச் சட்டை கழுத்தோரம் நனைந்திருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. “கோவமா போயிட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. அப்பா இருக்கிற கூடத்துக்குப் பிள்ளை வருவதில்லை. பிள்ளை சாப்பிடுகிற நேரத்துக்கு அப்பா வருவதில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தட்டு வைக்கிறபோதெல்லாம் விஷ்ணுப்ரியாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். அந்தக் கட்டில் பக்கத்தில் ‘தெரியாது டாக்டர்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த மனுஷர் அதைத் தன்னோடேயே வைத்துக்கொண்டு போயிருப்பார். பாலிசியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவர் யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்ததை லேப்டாப் முன்னால் உட்கார்த்திப் பிடுங்கி எடுத்துவிட்டோமே.

உத்தரவு வந்தது. முதல் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும், பாலிசியை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆபீசிலேயே அதைப் படித்தாள். ரெம்யா கட்டிக்கொண்டு குதித்தாள். இவள் பொம்மை மாதிரி நின்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது பிச்சுமணி, “நல்லதும்மா, உன் பாடு தீர்ந்தது” என்றார். ஸ்ரீநிவாஸ் போனில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். கம்பெனியும் சொன்னபடி கேட்டது. இரண்டாவது அடைப்புக்கு முன்கூட்டியே சம்மதமும் வந்தது. நாள் குறித்தார்கள்.

அட்மிட் ஆக வேண்டிய காலையில் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில். நடுவில் பிச்சுமணி. மழை தூறிக்கொண்டிருந்தது. சாலை பஜார் முனையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாஸ் திடீரென்று வாயைத் திறந்தான்.

“எந்தக் கடை?”

“என்னதுடா?”

“போளி. எந்தக் கடைலேர்ந்து வாங்குவே?”

பிச்சுமணி தயங்கினார். “ஆரியசாலை முக்குல. இப்போ அந்தக் கடை இல்லை.”

“அங்கேர்ந்தா?” ஸ்ரீநிவாஸ் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா என்கிட்ட கிழக்கேகோட்டைக் கடைதான் வேணும்னு சொல்லுவா. முக்குக் கடை போளி தடியா இருக்கும்பா.”

பிச்சுமணி மெல்ல அவன் பக்கம் திரும்பினார்.

“உன்கிட்டயுமா?” என்றார்.

“வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. ‘அப்பாவுக்குத் தெரியப்படாதுடா’ம்பா.”

“என்கிட்ட ‘ஸ்ரீநிக்குத் தெரியப்படாதுன்னா’ம்பா.” பிச்சுமணியின் தோள் குலுங்கியது. “கள்ளி! ரெண்டு பேர்கிட்டயும் வாங்கித் தின்னிருக்கா, கள்ளி!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. ஸ்ரீநிவாஸ் அப்பாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். “நானும்தான்ப்பா. நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. அன்னிக்கு நீ சொல்லச் சொல்ல, எனக்கு அங்க உக்கார முடியலை.”

“தெரியறதுடா. தெரியறது.”

ஓரத்தில் ஆஸ்பத்திரி பைலை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் விஷ்ணுப்ரியா. மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அது அவர்கள் பேசுகிற நேரம். அவள் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ரீநிவாஸ் சக்கர நாற்காலி எடுத்துவர ஓடினான். பிச்சுமணி இறங்குவதற்காக அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னடீம்மா இது? நீ இப்படி மூஞ்சியை வெச்சுண்டு உள்ளே வந்தா, உனக்குத்தான் ஸ்டென்ட் வெக்கணும்னு படுக்க வெச்சுடுவா.”

“அப்பா, நான் மட்டும் அன்னிக்கு…”

“அன்னிக்கு நீ சொல்லலைன்னா, இவன் அம்மாவுக்கு எந்தக் கடைப் போளி பிடிக்கும்னு எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்கா பாரேன்!” இன்னும் அவருக்கு அது தீரவில்லை. மறுபடியும் ஒரு தடவை சிரித்தார். “இறக்கிவிடு. மழை அடிக்கறது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முழுசாக வரவில்லை. பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்து இறக்கினாள். நாற்காலி வந்த பிறகும், உள்ளே தள்ளிக்கொண்டு போகிறவரை, அந்தக் கையை விடவில்லை.